அலுமினியப் படகில் ஒழுக்கு: அறிகுறியைப் பார்த்து இடத்தைப் பிடித்து அடைக்கும் முறை

மட்டக்களப்பு வாவியிலும் கல்குடா, கல்லடி, பொத்துவில் கரைகளிலும் கிடப்பவை பெரும்பாலும் பைபர் படகுகளும் தோணிகளும்தான். அதனால் ஒழுக்கு என்றதும் கை நேரே றெசின் வாளிக்கும் கண்ணாடியிழை மற் துண்டுக்கும் போகிறது. அலுமினியப் படகில் அந்த வைத்தியம் எடுபடாது. பொலியெஸ்ரர் றெசின் அலுமினியத்தில் சரியாகப் பிடிப்பதில்லை, காயும்போது சுருங்குகிறது, காய்ந்தபின் வளைந்து கொடுப்பதுமில்லை. அலுமினியமோ வெயிலுக்கு நீளும் உலோகம். 4 மீற்றர் நீளமான தகடு 30 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 2.8 மி.மீ. நீண்டுவிடும். பகலில் நீண்டு இரவில் சுருங்கும் தகட்டில் விறைத்த பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழரும். அது முழுதாக விழுந்துவிட்டாலும் பரவாயில்லை. பாதி ஒட்டியபடி நின்று அடியில் உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தால், ஒரு ஊசித்துளை இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அரித்திருக்கும்.

கீழே வருவது 1.5 முதல் 3 மி.மீ. தகட்டில் றிவெற் அடித்தோ வெல்டிங் செய்தோ கட்டிய, எஞ்சின் பூட்டும் சிறிய படகுகளுக்குப் பொருந்தும்.

முதலில்: தண்ணீர் எப்போது வருகிறது?

எங்கே என்று தேடுவதற்கு முன் எப்போது என்று பாருங்கள். பாதி வேலை அதில் முடிந்துவிடும்.

கட்டிக் கிடக்கும்போதே ஏறினால், ஓட்டை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வடிகால் துளையின் அடைப்பான், றிவெற், ஊசித்துளை என்ற வரிசையில் தேடுங்கள். ஓடும்போது மட்டும் ஏறினால், அலையடியில் எங்கோ தகடு விரிகிறது: வெடிப்பு, தளர்ந்த முன்பக்க றிவெற்றுகள், இல்லையென்றால் தகடும் தகடும் சேரும் பொருத்துவரி. ஆட்களை ஏற்றினால் மட்டும் வருவது பெரும்பாலும் எஞ்சின் பூட்டும் பின்பலகையின் போல்ட் துளை, இல்லாவிட்டால் வழக்கமான நீர்மட்டத்துக்குச் சற்று மேலே போகும் பொருத்துவரி. மழைக்குப் பிறகு மட்டும் தண்ணீர் நிற்கிறது என்றால் அது ஒழுக்கே அல்ல. ஒரு படங்கு போதும்.

மழைத் தண்ணீரா வெளித் தண்ணீரா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பெற்றோல் மணம் இல்லையென்றால் செய்யலாம். ஆனால் வாவியில் இந்தச் சோதனை கோடையில்தான் உதவும். மார்கழி, தை மாதங்களில் வெள்ளம் இறங்கி வாவித் தண்ணீரே உப்புக் குறைந்து நிற்கும்.

எவ்வளவு வருகிறது என்பதையும் அளந்து வையுங்கள். செக்கனுக்கு ஒரு சொட்டு விழும் றிவெற் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 லீற்றர் தரும். காலையில் 40 லீற்றர் நின்றால், அப்படிப் பத்து றிவெற் இருக்கலாம், அல்லது ஒரே ஒரு நல்ல ஓட்டை இருக்கலாம். இரண்டுக்கும் வேலை வேறு.

இடத்தைப் பிடிப்பது

வெளியிலிருந்து உள்ளே வரும் தண்ணீர் வந்த இடத்தில் நிற்காது. வங்கின் (படகின் குறுக்கே விலா எலும்புபோல் ஓடும் சட்டத்தின்) ஓரமாக ஓடி, பள்ளமான இடத்தில்தான் தேங்கும். ஆகவே தண்ணீர் தேங்கிய இடத்தைப் பூசுவது வீண்வேலை. படகைக் கரையேற்றி உள்ளே தண்ணீர் ஊற்றி வெளியே பார்ப்பதே நம்பகமான வழி.

எஞ்சின், பற்றரி, தாங்கி, அடித்தளப் பலகை எல்லாவற்றையும் இறக்குங்கள். படகை ஒரே கட்டையில் தூக்கி வைக்காமல், ஏரா (அடியின் நடுவே நீளமாக ஓடும் முதுகுச் சட்டம்) முழுக்கவும் இரு பக்கமும் தாங்கும்படி வையுங்கள். அடிப்பரப்பு 4 மீற்றருக்கு 1.2 மீற்றர் என்றால் 5 செ.மீ. தண்ணீரே 240 கிலோ. நல்லாப் பார்ப்போம் என்று விளிம்புவரை நிரப்பினால், நல்ல றிவெற்றுகளும் அன்றைக்கே தளர்ந்துவிடும். படகு மிதக்கும்போது அந்தப் பாரத்தை வெளித் தண்ணீர் எதிர்த்துத் தாங்கும், கரையில் அப்படித் தாங்க எதுவும் இல்லை. 5 செ.மீ. ஊற்றி, முதலில் பின்பக்கம் தாழ்த்தி, பிறகு அணியம் தாழ்த்திப் பாருங்கள்.

வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்து, முகப் பவுடரை மெல்லியதாகத் தட்டி விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் பவுடரில் கோடு போட்டுக் காட்டும். அரை மணித்தியாலம் காத்திருந்து அழியாத மார்க்கர் பேனையால் வட்டமிடுங்கள். பென்சில் வேண்டாம். அதன் காரீயம் உண்மையில் கிராபைற்று; ஈரம் பட்டால் அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும்.

அடைப்பானைச் சுற்றிக் கசிவு

எளியது என்பதாலேயே கடைசியில் பார்க்கப்படுகிறது. இறுக்கும் றப்பர் அடைப்பான் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். இன்னும் இறுக்கிப் பார்ப்பதில் பலன் இல்லை. துளையின் உள்ளே பித்தளைக் குழாய் பொருத்தியிருந்தால் அதைச் சுற்றி வெள்ளைப் பொடி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பித்தளை பக்கத்துத் தகட்டைத் தின்கிறது. கழற்றி, அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் குழாயை பொலியூரதேன் சீலன்ட் வைத்துப் பொருத்துங்கள்.

றிவெற் தலையைச் சுற்றிச் சொட்டு

ஒன்றிரண்டு றிவெற் சொட்டினால் அது தளர்ந்த றிவெற். ஒரு வரிசை முழுக்கச் சொட்டினால் றிவெற்றைவிட அந்த வரிசைக்குப் பின்னால் உள்ள வங்கைச் சந்தேகியுங்கள். வங்கு வெடித்திருந்தால் எத்தனை றிவெற் மாற்றினாலும் அடுத்த பயணத்தில் தளர்ந்துவிடும்.

விரலை றிவெற் தலையில் வைத்துக்கொண்டு மற்றவரை உள்ளே தட்டச் சொல்லுங்கள். தலை அசைவதை விரல் உணர்ந்தால் தளர்வு. முதல் வைத்தியம் மறுபடி இறுக்குவது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் 2 கிலோவுக்குக் குறையாத இரும்புக் கட்டியைத் தலையோடு அழுத்திப் பிடிக்க, உள்ளே மற்றவர் உருண்டைத் தலைச் சுத்தியலால் றிவெற்றின் உள்முனையான வாலில் மூன்று நான்கு அடி அடிக்கவேண்டும். கட்டி இலேசாக இருந்தால் அடி றிவெற்றில் இறங்காமல் தகட்டை நெளிக்கும். அதிகம் அடித்தால் வால் வெடிக்கும். இறுகியதும் நிறுத்துங்கள்.

தலை தேய்ந்திருந்தாலோ, வால் வெடித்திருந்தாலோ மாற்றவேண்டும். தலையின் நடுவில் பொட்டுக் குத்தி, 4 மி.மீ. டிரில்லால் தலையின் தடிப்பு அளவுக்கு மட்டும் துளைத்து, தலையைச் செதுக்கி எடுத்துவிட்டு உடலைத் தட்டி வெளியேற்றுங்கள். டிரில்லை முழு ஆழத்துக்கும் ஓட்டினால் பழைய துளை நீள்வட்டமாகி, புதிய றிவெற் அதில் ஒருபோதும் இறுகாது. அப்படி ஆகிவிட்டால் 6.4 மி.மீ. துளையாக்கி அடுத்த பருமனுக்குப் போவதுதான் வழி.

4.8 மி.மீ. திண்ம றிவெற் என்றால், தகடுகளுக்கு அப்பால் ஏறத்தாழ 7 மி.மீ. வால் நீட்டிக்கொண்டிருக்கவேண்டும். அடித்து முடித்தபின் வால் 7 மி.மீ. அகலமும் 2.4 மி.மீ. உயரமுமாகப் பரந்து நிற்கும். உள்ளே கை நுழையாத இடத்தில், வெளியிலிருந்தே ஊசியை இழுத்துப் பூட்டும் பொப் றிவெற் போடலாம், ஆனால் ஹார்ட்வெயார் கடையில் பிடியாகத் தரும் சாதாரண பொப் றிவெற் ஆகாது. அதன் நடுவே ஓட்டை இருக்கிறது. ஒழுக்கை அடைக்க இன்னொரு ஒழுக்கைப் பூட்டுவதுதான் அது. வால் முனை மூடியிருக்கும் வகை வேண்டும், உடலும் ஊசியும் இரண்டுமே அலுமினியமாக. துளை 4.9 மி.மீ. பிடிக்கும் நீளத்தைத் தகடுகளின் மொத்தத் தடிப்போடு பொருத்திப் பாருங்கள். சீலன்ட்டைத் தலையின் அடியிலும் துளையிலும் தடவி, வெளியிலிருந்து செருகி இழுங்கள். சுற்றிப் பிதுங்கி வந்தால் போதுமான அளவு வைத்திருக்கிறீர்கள்.

தகடும் தகடும் சேரும் வரியில் நீளமான ஈரம்

றிவெற் எல்லாம் இறுக்கமாக இருந்தும் வரி கசிந்தால், கட்டும்போது இடையில் வைத்த சீலன்ட் காய்ந்து செத்துவிட்டது. இதற்கு உள்ளிருந்து மெல்லிய எபொக்சி பூசுவது நல்ல வழி. தண்ணீர்போல் ஓடும் எபொக்சியாக இருக்கவேண்டும், பிசைந்த மாவுபோல் இருக்கும் பசை வரிக்குள் இறங்காது.

பூச்சைவிடத் தயாரிப்பே முக்கியம். நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவி உப்பை எடுங்கள். உலர்ந்தபின் அசிற்றோன் தோய்த்த துணியால் ஒரே திசையில் துடையுங்கள். பிறகுதான் தேய்ப்பது, முதலில் தேய்த்தால் எண்ணெயைக் கீறலுக்குள் அழுத்திவிடுவீர்கள். துருப்பிடிக்காத உருக்குப் பிறஸ், அதுவும் முன்பு இரும்பில் தேய்க்காதது, அல்லது 80 இலக்க சாண்ட் பேப்பர். இரும்புப் பிறஸ் வேண்டாம். அது விட்டுப்போகும் துகள்கள் பூச்சுக்கு அடியில் துருப்பிடிக்கும். மறுபடி அசிற்றோன். தேய்த்த அலுமினியத்தில் ஒட்சைட்டுப் படலம் உடனேயே மீளத் தொடங்கிவிடும். ஒரு மணித்தியாலத்துக்குள் பூசுங்கள். காலையில் தேய்த்துவிட்டுச் சாப்பிட்டு வந்து பின்னேரம் பூசுகிறவர்களின் வேலைதான் முதலில் கழருகிறது.

10 மீற்றர் வரிக்கு, 4 செ.மீ. அகலம், அரை மி.மீ. தடிப்பு என்றால் 200 மி.லீ. எபொக்சி போதும். அதை ஒரே தடவையில் கலக்காதீர்கள். 32 பாகை வெயிலில் கலவை கோப்பைக்குள்ளேயே சூடாகிக் கட்டியாகிவிடும். 100 மி.லீ. கலந்து, அகலமான தட்டத்தில் ஊற்றி வைத்துப் பூசுங்கள். விகிதம் ரின்னில் உள்ளபடியே. கூடுதல் கடினமாக்கி ஊற்றினால் சீக்கிரம் காயும் என்பது பைபர் றெசின் பழக்கம். எபொக்சியில் அப்படிச் செய்தால் கடைசிவரை பிசுபிசுத்தபடியே கிடக்கும். விடியற்காலையில் தகடு வியர்த்திருக்கும், கடற்காற்று எழுந்தபின் உப்பு ஈரம் படியும். இடைப்பட்ட காலை 9 மணிமுதல் 11 மணிவரை நிழலில் வைத்துச் செய்வது நல்லது.

வெளிப்பக்கத்தில் வரிநெடுக பொலியூரதேன் சீலன்ட் இழுக்கலாம். சிக்காபிளெக்ஸ் 291 போன்ற கடல்வகை இதற்கு ஏற்றது. குளியலறைக்கு வாங்கும், வினாகிரி மணமடிக்கும் சிலிக்கன் வேண்டாம். அந்த மணமே அசற்றிக் அமிலம், அலுமினியத்தை அரிக்கும். அதைவிடக் கேடு, ஒருமுறை சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு வேறு எதுவுமே ஒட்டாது. தோணிக்குக் கலப்பற்றுகிற பஞ்சும் குங்கிலியமும்கூட இங்கே வேண்டாம். பலகை ஊறிப் பெருத்துப் பஞ்சை நெரிக்கும், தகடு ஊறுவதில்லை.

வெள்ளைப் பொடி, சுரண்டினால் ஊசித்துளை

இது அடிபட்ட காயம் அல்ல. படகை ஏதோ ஒன்று தின்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று வரும்.

துளைக்கு நேர் மேலே உள்ளே என்ன கிடந்தது என்று பாருங்கள். ஈயக் குண்டு, துருப்பிடித்த தூண்டில், செப்பு வயர்த் துண்டு, பத்து ரூபாய்க் குற்றி: உப்புத் தண்ணீரில் இவை அலுமினியத்தோடு சேர்ந்து கிடந்தால் அரிப்பது அலுமினியம்தான். ஈரக் கம்பளமும் அடியில் சேர்ந்த மணலும் காற்றுப் படாமல் ஈரத்தைப் பிடித்துவைத்து அதே வேலையைச் செய்கின்றன. செப்பு மருந்து ஏற்றிய பலகையை இருக்கைக்கு அறைந்திருந்தால் அதன் அடியையும் பாருங்கள். பாசி பிடிக்காமலிருக்கப் பூசும் செப்புப் பெயின்ட் பைபர் படகுக்குத் தோதானது, அலுமினியத்துக்கு நஞ்சு. சுண்ணாம்பும் சீமெந்தும் காரம். படகில் வெற்றிலை போடுபவர்கள் சுண்ணாம்புக் கையை விளிம்பில் துடைக்கும் இடத்தில்கூடப் புள்ளி விழும். மின்சாரம் இருந்தால், விளக்குக்கும் பம்புக்கும் இரண்டு வயர் தனித்தனியாகப் போகவேண்டும். படகுடலைத் திரும்பும் வயராக்கினால் சில மாதங்களிலேயே அரித்துவிடும்.

துளையைச் சுற்றி மின்னும் உலோகம் வரும்வரை சுரண்டுங்கள். மொட்டை ஆணியால் அழுத்திப் பாருங்கள், தகடு அமுங்குகிறதா? அமுங்காமல் துளை 3 மி.மீ.க்குள் இருந்தால் 4.9 மி.மீ. ஆக்கி மூடிய றிவெற்றும் சீலன்ட்டும். புள்ளிகள் கூட்டமாக இருந்தால் ஒட்டுத் தகடு போடவேண்டும்.

ஒட்டுத் தகட்டுக்கு 5052 என்ற இலக்க அலுமினியக் கலவை, படகுத் தகட்டின் அதே தடிப்பில். யன்னல் வேலைக்கான தட்டைப் பட்டை அவசரத்துக்கு ஆகும். பழைய சட்டித் தகடு மென்மை. துத்தநாகம் பூசிய கூரைத் தகடு கூடவே கூடாது. பூச்சுப் போனதும் உள்ளே இருப்பது இரும்பு. கெட்ட இடத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் 4 செ.மீ. போகவேண்டும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலையில்தான் அடுத்த வெடிப்புத் தொடங்கும். றிவெற்றுகளுக்கு இடையே 20 முதல் 25 மி.மீ., ஓரத்திலிருந்து 10 மி.மீ.க்குக் குறையாமல். ஒட்டுத் தகட்டின் அடிப்பரப்பு முழுக்கச் சீலன்ட் தடவுங்கள், ஓரத்தில் மட்டும் தடவினால் நடுவே தண்ணீர் சிறைப்படும்.

படகுக்குப் பதிலாகத் தான் அரிபடும்படி உடலில் பூட்டும் தியாகத் தகடு எது என்பது படகு கிடக்கும் தண்ணீரைப் பொறுத்தது. கடலில் நாகம், அதாவது சிங்க். வாவி போன்ற கலப்புத் தண்ணீரில் அலுமினியக் கலவை, ஏனெனில் உப்புக் குறைந்தால் நாகத்தில் படலம் மூடி வேலை நின்றுவிடும். சேனாநாயக்க சமுத்திரம், உன்னிச்சைக் குளம் போன்ற நன்னீரில் மக்னீசியம். அந்த மக்னீசியத்தோடு கடலுக்குப் போனால் பெயின்ட் கொப்புளித்து எழும்பும். எந்த வகையானாலும் உடலோடு உலோகம் உலோகமாகத் தொடவேண்டும், மேலே பெயின்ட் பூசக்கூடாது.

வேகமெடுத்தால் மட்டும் ஏறுகிறது

வங்கின் நுனி, இருக்கை பக்கத்தோடு சேரும் மூலை, பின்பலகையின் கீழ்மூலை: வெடிப்பென்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும். படகு நிற்கும்போது மயிரிழையாக மூடிக்கொள்ளும். சந்தேகமான இடத்தில் ஒருவர் உள்ளே நின்று பாரம் கொடுக்க மற்றவர் வெளியே பார்க்கவேண்டும்.

வெடிப்பின் இரு முனையையும் பூதக்கண்ணாடியால் கண்டுபிடித்து, முனைக்குச் சற்று அப்பால் 3 மி.மீ. துளை போடுங்கள். வட்டத் துளைக்கு வந்ததும் இழுவிசை பரவி வெடிப்பு நிற்கும். முனையைத் தவறவிட்டால் ஒட்டுத் தகட்டின் அடியாலேயே வெடிப்பு தொடர்ந்து ஓடும். பிறகு முன் சொன்னபடி ஒட்டுத் தகடு. எபொக்சியை மட்டும் தேய்த்து விடுவது இங்கே சில நாள் கதை.

பின்பலகைப் பக்கம்

எஞ்சின் போல்ட்டுகளைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பலகை ஊறிக் கறுத்திருக்கும். துருப்பிடிக்காத உருக்குப் போல்ட்டே சரி, ஆனால் அலுமினியத்தைத் தொடாமல் நைலோன் உறையும் வாஷரும் இடையில் வேண்டும். துளைக்குள் பலகையின் வெட்டுமுகத்தில் எபொக்சி ஊறவிட்டு, காய்ந்ததும் சீலன்ட் வைத்துப் பூட்டுங்கள். திருகாணியைச் சுழற்றினால் இறுகாமல் சுற்றுகிறதென்றால் பலகை உக்கிவிட்டது, சீலன்ட்டால் ஆவதில்லை.

இறைத்தும் பாரம் குறையவில்லை

தளத்துக்கு அடியில் உள்ள மிதவை நுரை தண்ணீர் குடித்துவிட்டது. ஒழுக்கை அடைத்த பின்னும் நாள்கணக்கில் அதிலிருந்து வடியும். அதைப் பார்த்து அடைப்புப் பிழைத்துவிட்டது என்று மறுபடி உடைக்காதீர்கள். ஊறிய நுரை காய்வது அரிது. வெட்டி எடுத்து தண்ணீர் குடிக்காத, மூடிய கண்ணறை நுரையாக மாற்றுங்கள்.

ஏரா தேய்ந்து மெலிந்தால்

மணலில் இழுத்து ஏற்றும் படகுகளில் முதலில் போவது ஏராவின் பின்பாதியும் அங்குள்ள றிவெற் தலைகளும். தலை தட்டையாகத் தேய்ந்திருந்தால் சொட்டத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஏரா நீளத்துக்கு 3 மி.மீ. அலுமினியப் பட்டை ஒன்றைச் சீலன்ட் வைத்துப் பூட்டினால், தேய்வது அந்தப் பட்டையாக இருக்கும். உருளைக் கட்டை போட்டு ஏற்றினால் பட்டைக்கும் தேவை குறையும்.

வெல்டிங்குக்கு எப்போது?

வெல்டிங்கால் கட்டிய படகின் மூட்டே வெடித்தால், அல்லது வெடிப்பு ஒரு சாணுக்கு மேல் போனால். இரும்புக் கேற் செய்யும் பட்டறையின் சாதாரண வெல்டிங் ஆகாது. மாறுமின்னோட்ட ரிக் இயந்திரம், தூய ஆகன் வாயு, 5356 இலக்க அலுமினிய வெல்டிங் கம்பி உள்ள இடமா என்று கேளுங்கள். தகடு 660 பாகையை நெருங்கும்போதே உருகிவிடும், மேலே உள்ள ஒட்சைட்டுக்கோ 2000 பாகைக்கு மேல் வேண்டும்; மெல்லிய தகட்டில் கைப்பழக்கம் இல்லாதவர் ஊசித்துளையைக் கோப்பை வாயாக்கிவிடுவார். முன்பு எபொக்சியோ சீலன்ட்டோ பூசிய இடமென்றால் முதலே சொல்லிவிடுங்கள். பெற்றோல் தாங்கியை இறக்கி, பக்கத்து நுரையையும் வெட்டி எடுத்த பிறகே படகைக் கொடுங்கள். பொலியூரதேன் நுரை எரிந்தால் வரும் புகையில் சயனைட்டு இருக்கும்.

காஸ் சூட்டில் உருக்கி ஒட்டும் அலுமினியக் கம்பிகள் சிறு துளைக்கு நன்னீரில் உதவும். அவற்றில் பல நாகம் கலந்தவை, உப்புத் தண்ணீரில் ஒட்டு முதலில் கரையும். பூசினால் மேலே எபொக்சிப் பெயின்ட் கட்டாயம்.

வேலை முடிந்தபின்

சீலன்ட் ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. ஆழத்துக்குத்தான் காயும், தகடுகளுக்கு இடையில் இன்னும் மெதுவாக. ஒரு கிழமை விட்டு, அதே 5 செ.மீ. தண்ணீரும் பவுடரும் வைத்துச் சோதியுங்கள். பிறகு ஆள் பாரத்தோடு கரையோரம் ஒரு மணித்தியாலம்.

நடுவாவியில் ஒழுகினால்

துளையென்றால் துணி சுற்றிய மரமுளை. றிவெற் கழன்று விழுந்திருந்தால், சைக்கிள் டியூப் துண்டு இரண்டை வாஷராக வைத்து ஒரு போல்ட்டும் நட்டும். வெடிப்பென்றால் சவர்க்காரக் கட்டியை உள்ளிருந்து அழுத்தித் தேய்த்து, வேகத்தைக் குறைத்து, ஆட்களை ஒழுக்கு உள்ள பக்கத்துக்கு எதிரே நகர்த்திக் கரைக்கு வாருங்கள். இவை அன்றைக்கு மட்டும். சவர்க்காரம் தேய்த்த இடத்தை வெந்நீரால் கழுவி அசிற்றோனால் துடைக்காமல் மேலே எது பூசினாலும் பிடிக்காது.